காணாமல் போன மூன்று வினாடிகள்

கேள்வி: ஐயா, வணக்கம். நான் 11-ஆம் வகுப்பில் இயற்பியல் படிக்கிறேன். இயக்கச் சமன்பாடுகள் எனக்கு மனப்பாடம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் விழும் பொருள்கள் பற்றிய கணக்கு என்றால் கை ஓடுவதில்லை. எந்தச் சமன்பாட்டை எடுப்பது என்றே தெரிவதில்லை. நேற்றுப் போட்ட கணக்கு இது: 20 மீட்டர் உயரக் கட்டடத்தின் உச்சியிலிருந்து ஒரு கல் வினாடிக்கு 15 மீட்டர் வேகத்தில் செங்குத்தாக மேல்நோக்கி எறியப்படுகிறது. ஈர்ப்பு முடுக்கத்தை 10 என்று கொண்டால், அது எவ்வளவு நேரத்தில், எவ்வளவு வேகத்தில் தரையை அடையும்? எனக்கு வேகம் 25, நேரம் 1 வினாடி என்று வந்தது. விடைப் பகுதியில் வேகம் 25, நேரம் 4 வினாடி என்று இருக்கிறது. வேகம் சரியாக வந்து நேரம் மட்டும் எப்படித் தவறும்? அச்சுப்பிழையா? நான் போட்ட தாளையும் இணைத்திருக்கிறேன். இன்னொரு சந்தேகம்: கல்லின் நிறை கணக்கில் எங்கும் வரவில்லையே, கனமான கல் சீக்கிரம் விழாதா? எனக்கு இயற்பியல் வராது என்றே தோன்ற ஆரம்பித்துவிட்டது.

பதில்:

அன்புள்ள மாணவிக்கு,

புத்தகத்தில் அச்சுப்பிழை இல்லை. உனக்கு இயற்பியல் வராது என்பதும் உண்மை இல்லை. விடை பொருந்தவில்லை என்றால் அடித்துவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுவதுதான் பலருடைய வழக்கம். நீ அங்கேயே நின்று, ஒன்று சரியாக வந்து இன்னொன்று மட்டும் எப்படித் தவறும் என்று கேட்டிருக்கிறாய். பல ஆண்டுகளாக இந்தப் பாடத்தை நடத்துகிறேன். இந்த இடத்தில் நின்று கேட்கிற பிள்ளைகளைக் கண்டால் எனக்கு மனம் நிறைந்துவிடும். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

சமன்பாடுகளைக் கொஞ்ச நேரம் மூடி வை. ஈர்ப்பு முடுக்கம் 10 என்றால் என்ன? 'வினாடி வர்க்கத்துக்கு 10 மீட்டர்' என்று சொல்லிச் சொல்லி அதன் பொருள் நாக்கோடு நின்றுவிட்டது. பொருள் எளியதுதான். ஒவ்வொரு வினாடியும் பூமி அந்தக் கல்லின் வேகத்தில் 10 என்ற அளவைக் கீழ்நோக்கிச் சேர்க்கிறது. கல் மேலே போய்க்கொண்டிருந்தாலும் அதே 10, கீழே வந்துகொண்டிருந்தாலும் அதே 10, உச்சியில் ஒரு கணம் நின்றாலும் அதே 10. மேலே போகிற கல்லுக்கு அது வேகக் குறைவாகத் தெரிகிறது. கீழே வருகிற கல்லுக்கு வேகக் கூடுதலாகத் தெரிகிறது. பூமி செய்கிற வேலை என்னவோ ஒன்றுதான்.

இனி உன் கல்லோடு போவோம். கையை விட்டுக் கிளம்பும்போது மேல்நோக்கி 15. ஒரு வினாடி கழித்து மேல்நோக்கி 5. இன்னும் அரை வினாடியில் அந்த 5-உம் தீர்ந்துவிடும். ஆக, 1.5 வினாடியில் கல் உச்சியில் இருக்கிறது. 15-இல் தொடங்கிச் சீராகக் குறைந்து சுழியத்துக்கு வந்ததால் சராசரி வேகம் 7.5. அந்தச் சராசரியோடு 1.5 வினாடி போனால் 11.25 மீட்டர். கட்டட உச்சிக்கு மேல் அவ்வளவு தூரம் ஏறியிருக்கிறது. பிறகு இறக்கம். 2-ஆவது வினாடியின் முடிவில் கீழ்நோக்கி 5. 3-ஆவது வினாடியின் முடிவில் கீழ்நோக்கி 15. அப்போது கல் எங்கே இருக்கிறது? ஏறுவதற்கு 1.5 வினாடி, அதே தூரம் இறங்குவதற்கு 1.5 வினாடி. எறிந்த இடத்துக்கே வந்துவிட்டது, எறிந்த அதே வேகத்தோடு, திசை மட்டும் மாறி. அடுத்த ஒரு வினாடியில் 15 என்பது 25 ஆகிறது. அந்த வினாடியின் சராசரி 20. ஒரு வினாடியில் 20 மீட்டர். தரை வந்துவிட்டது. மொத்தம் 4 வினாடி, வேகம் 25.

ஒரு சமன்பாடும் எழுதாமலே கணக்கு முடிந்துவிட்டது. இப்போது அந்தக் கடைசி வினாடியை மட்டும் திரும்பப் பார். கல் கட்டட உச்சியைக் கீழ்நோக்கி 15 வேகத்தில் கடக்கிறது. 1 வினாடியில் தரையைத் தொடுகிறது. தொடும்போது வேகம் 25. இது நீ எழுதிய விடையேதான்! நீ கண்டுபிடித்த 1 வினாடி பொய்யான வினாடி இல்லை. இந்தக் கல்லின் பயணத்தில் உண்மையிலேயே இருக்கிற கடைசி வினாடி அது. கல் மேலே போய் எறிந்த இடத்துக்குத் திரும்பி வந்த 3 வினாடிகளைத்தான் உன் தாள் தொலைத்துவிட்டது.

எப்படித் தொலைந்தது என்பது தாளின் முதல் வரியிலேயே இருக்கிறது. நீ எழுதியது: 20 = 15 × நேரம் + 5 × நேரத்தின் வர்க்கம். எல்லாவற்றுக்கும் கூட்டல் குறி. ஆனால் கல்லை எறிந்த 15 மேல்நோக்கியது. பூமி சேர்க்கிற 10 கீழ்நோக்கியது. தரை இருக்கிற 20 மீட்டரும் கீழே. மூன்றில் ஒன்று எதிர்த்திசை. சமன்பாட்டுக்குக் கண் கிடையாது. கேள்வியில் 'மேல்நோக்கி' என்று எழுதியிருப்பது அதற்குத் தெரியாது. நீ குறியால் சொன்னால்தான் தெரியும். மூன்றுக்கும் ஒரே குறியைக் கொடுத்ததால் மூன்றும் ஒரே திசை என்று அது எடுத்துக்கொண்டது. கட்டட உச்சியிலிருந்து கீழ்நோக்கி 15 வேகத்தில் எறிந்த வேறொரு கல்லின் கணக்கைப் பிழையில்லாமல் போட்டுக் கொடுத்துவிட்டது. உன் இயற்கணிதத்தில் ஒரு தவறும் இல்லை. கேட்ட கணக்கு வேறு, போட்ட கணக்கு வேறு, அவ்வளவுதான்.

மேல்நோக்கியது கூட்டல், கீழ்நோக்கியது கழித்தல் என்று வைத்துக்கொண்டு எழுதினால் இப்படி வரும்: −20 = 15 × நேரம் − 5 × நேரத்தின் வர்க்கம். எல்லாவற்றையும் 5-ஆல் வகுத்து ஒரே பக்கம் கொண்டுவந்தால், நேரத்தின் வர்க்கம் − 3 × நேரம் − 4 = 0. தீர்வுகள் 4, −1. உன் தாளில் இருக்கிற சமன்பாட்டுக்குத் தீர்வுகள் 1, −4. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார். அதே இரண்டு எண்கள், குறி மட்டும் இடம் மாறியிருக்கிறது.

இந்த மைனஸ் 1-ஐப் பற்றிச் சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை. 'நேரம் எதிர்க்குறியாக இருக்க முடியாது, எனவே அந்த விடையை விட்டுவிடுக' என்று நாங்கள் சொல்லிக்கொடுக்கிறோம். தேர்வுத் தாளில் அப்படி எழுதினால் போதும். ஆனால் அந்த எண் குப்பை இல்லை. நீ கல்லை எறிந்த கணத்துக்கு 1 வினாடி முன்னால், தரையில் நிற்கிற யாரோ ஒருவர் இன்னொரு கல்லை மேல்நோக்கி 25 வேகத்தில் எறிந்திருந்தால், ஒரு வினாடியில் அது சராசரி 20 வேகத்தோடு 20 மீட்டர் ஏறி, சரியாக 15 வேகத்தில் உன் கையைக் கடந்திருக்கும். அதன்பின் அந்தக் கல்லுக்கும் உன் கல்லுக்கும் வேறுபாடே கிடையாது. எந்தக் கல் எங்கிருந்து கிளம்பியது என்பது சமன்பாட்டுக்குத் தெரியாது. தரைமட்டத்தில் அந்தக் கல் எப்போதெல்லாம் இருக்கும் என்று கேட்டாய், அது இரண்டு நேரங்களையும் நேர்மையாகச் சொல்லியது. மாணவனாக இருந்தபோது இது புரிந்த மாலையில்தான் எனக்கு இந்தப் பாடத்தின் மீது ஆசை வந்தது.

சரி, வேகம் மட்டும் ஏன் தப்பித்தது? வேகத்துக்கு நீ எடுத்த சமன்பாடு வர்க்கத்தில் இருக்கிறது: இறுதி வேகத்தின் வர்க்கம் = தொடக்க வேகத்தின் வர்க்கம் + 2 × முடுக்கம் × இடப்பெயர்ச்சி. மேல்நோக்கிய 15 ஆனாலும் கீழ்நோக்கிய 15 ஆனாலும் வர்க்கம் 225. முடுக்கமும் இடப்பெயர்ச்சியும் இரண்டும் கீழ்நோக்கியவை. மைனஸும் மைனஸும் பெருகிக் கூட்டலாகி 400. மொத்தம் 625, அதன் வர்க்கமூலம் 25. வர்க்கம் திசையை மறந்துவிடும். அதனால்தான் குறியில் செய்த பிழை அங்கே வெளியே தெரியவில்லை. பாடநூலில் 'வேகம்' என்றும் 'திசைவேகம்' என்றும் இரண்டு சொற்கள் வைத்திருப்பது இதற்காகத்தான். கல் தரையைத் தொடும்போது வேகம் 25. நாம் எடுத்த குறிமுறையில் திசைவேகம் மைனஸ் 25. தமிழில் அந்தச் சொல்லுக்குள்ளேயே திசை இருக்கிறது. வாசிக்கும்போது அதை விழுங்கிவிடாதே.

எது கூட்டல், எது கழித்தல் என்பது உன் விருப்பம். கீழ்நோக்கியதைக் கூட்டலாக வைத்தாலும் இதே விடைதான் வரும். ஆனால் ஒரு கணக்கில் ஒரு முறைதான் தேர்ந்தெடுக்கலாம். 'ஏறும்போது ஈர்ப்பு மைனஸ், இறங்கும்போது பிளஸ்' என்று ஒரு பழக்கம் பல வகுப்புகளில் இருக்கிறது. பயணத்தை இரண்டாக உடைத்து, ஒவ்வொரு துண்டையும் தனிக் கணக்காகப் போட்டால் அது பரவாயில்லை. முழுப் பயணத்தையும் ஒரே சமன்பாட்டில் எழுதும்போது அந்தப் பழக்கம் வந்தால் கணக்கு கெட்டுவிடும். என்னைக் கேட்டால் அந்தப் பழக்கத்தையே விட்டுவிடு என்பேன். தாளின் ஓரத்தில் ஒரு செங்குத்துக் கோடு, அதில் தொடங்கும் இடம், முடியும் இடம், எறிந்த திசைக்கு ஓர் அம்பு, ஈர்ப்புக்கு ஓர் அம்பு, பக்கத்தில் 'மேலே +' என்று ஒரு குறிப்பு. அரை நிமிட வேலை. படம் போட நேரமில்லை என்று சொல்கிற மாணவர்கள்தான் தேர்வில் ஒரே கணக்கை மூன்று முறை அடித்து அடித்து எழுதுகிறார்கள்.

அடுத்து, எந்தச் சமன்பாட்டை எடுப்பது என்ற உன் கேள்வி. இந்தக் கணக்குகளில் மொத்தமே ஐந்து அளவுகள்தான்: தொடக்கத் திசைவேகம், இறுதித் திசைவேகம், முடுக்கம், நேரம், இடப்பெயர்ச்சி. பெரும்பாலும் மூன்று கொடுக்கப்பட்டிருக்கும், ஒன்று கேட்கப்படும். மீதி ஒன்று கொடுக்கப்படவும் இல்லை, கேட்கப்படவும் இல்லை. அந்த வேண்டாத ஒன்றைத் தேடு. அது எந்தச் சமன்பாட்டில் இல்லையோ அதுதான் உனக்கு வேண்டிய சமன்பாடு. நேரத்தைப் பற்றிப் பேச்சே இல்லை என்றால் வர்க்கச் சமன்பாடு. இறுதித் திசைவேகம் வேண்டாம் என்றால், நீ நேரம் கண்டுபிடிக்க எடுத்தாயே அது. இடப்பெயர்ச்சி வேண்டாம் என்றால், இறுதித் திசைவேகம் = தொடக்கத் திசைவேகம் + முடுக்கம் × நேரம். முடுக்கம் தெரியவில்லை என்றால், இரண்டு திசைவேகங்களின் சராசரியை நேரத்தால் பெருக்கு, இடப்பெயர்ச்சி வந்துவிடும். இந்தக் கடைசி வழியை மாணவர்கள் ஏனோ மதிப்பதில்லை. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். மேலே கல்லோடு நடந்தபோது நான் பயன்படுத்தியது முழுக்க அதையே.

கொடுக்கப்பட்ட மூன்றும் எண்களாகவே இருக்காது, சொற்களுக்குள் ஒளிந்திருக்கும். 'கீழே விடப்பட்டது' என்றால் தொடக்கத் திசைவேகம் சுழியம். 'பெரும உயரம்' என்றால் அந்தப் புள்ளியில் திசைவேகம் சுழியம். இங்கே வழக்கமாக இரண்டு பிழைகள் நடக்கும்.

முதலாவது, உச்சியில் கல் நிற்கிறது, எனவே முடுக்கமும் சுழியம் என்று எழுதுவது. முடுக்கம் அங்கே இல்லாமல் போனால் கல்லின் வேகம் மாறவே மாறாது. சுழியம் சுழியமாகவே இருக்கும். கல் அந்தரத்திலேயே தங்கிவிடும். அப்படி நடப்பதில்லை. இரண்டாவது பிழை தரையில். வகுப்பில் நான் ஒரு சாக்பீஸைச் சரியாக 1.25 மீட்டர் உயரத்தில் பிடித்துக் கீழே விடுவேன். அரை வினாடியில் 'டக்' என்று விழுந்து உடையும். 'விழும்போது இறுதி வேகம் என்ன?' என்று கேட்டால் பாதி வகுப்பு 'சுழியம்' என்று சொல்லும், கண் முன்னால் துண்டுகள் சிதறிக் கிடக்கும்போதே. நம் கணக்கு தரையைத் தொடுகிற கணத்தோடு முடிந்துவிடுகிறது. அந்தக் கணத்தில் சாக்பீஸின் வேகம் வினாடிக்கு 5 மீட்டர். அதை நிறுத்தியது தரை. அது வேறு விசை, வேறு கணக்கு. நாம் எழுதுகிற சமன்பாடு ஈர்ப்பு மட்டும் வேலை செய்கிற நேரத்துக்கே செல்லும்.

இந்த மூன்று வினாடி விவகாரத்துக்கு அடுத்தபடியாக மாணவர்கள் தடுமாறுகிற இடம், தூரத்துக்கும் வேகத்துக்கும் உள்ள உறவு. 20 மீட்டரிலிருந்து விட்ட கல் 20 வேகத்தில் தரையைத் தொடும். அப்படியானால் 40 மீட்டரிலிருந்து விட்டால்? 40 என்று வாய் முந்திக்கொண்டு சொல்லும். கணக்குப் போட்டால் 28.3 தான் வரும். வேகம் இரண்டு மடங்காக வேண்டும் என்றால் உயரம் நான்கு மடங்காக, 80 மீட்டராக, இருக்க வேண்டும். இதில் தடுமாறுவது அவமானம் இல்லை. கலீலியோவே தடுமாறினார். 1604-இல் வெனிஸ் நகர அறிஞர் பாவ்லோ சார்ப்பிக்கு எழுதிய கடிதத்தில், விழும் பொருளின் வேகம் அது கடந்த தூரத்துக்கு ஏற்பக் கூடுகிறது என்றே அவர் கருதியிருந்தார். பிறகு அதைத் திருத்திக்கொண்டு, வேகம் கூடுவது நேரத்துக்கு ஏற்ப என்று 1638-இல் லைடன் நகரில் அச்சான தன் நூலில் நிறுவினார். நேராக விழும் பொருளை அளக்கும் அளவுக்கு அவரிடம் கடிகாரம் இல்லை. அதனால் வீழ்ச்சியையே மெதுவாக்கினார். மரக் கட்டையில் வழுவழுப்பான பள்ளம் வெட்டி, அதைச் சற்றே சாய்த்து, வெண்கலக் குண்டை உருட்டிவிட்டார். குண்டு உருளுகிற நேரத்துக்குள் ஒரு பாத்திரத்திலிருந்து மெல்லிய குழாய் வழியே வடிந்த நீரை எடைபோட்டு நேரத்தை அறிந்தார். சம நேர இடைவெளிகளில் குண்டு கடக்கிற தூரங்கள் 1, 3, 5, 7 என்று ஒற்றைப்படை எண்களின் விகிதத்தில் வந்தன.

அந்த ஒற்றைப்படை எண்கள் உனக்கு உடனே பயன்படும். விடப்பட்ட கல் முதல் வினாடியில் 5 மீட்டர், இரண்டாவதில் 15, மூன்றாவதில் 25, நான்காவதில் 35 விழுகிறது. 'ஒரு பொருள் தன் கடைசி வினாடியில் 35 மீட்டர் விழுந்தது, அது எந்த உயரத்திலிருந்து விழுந்தது?' என்று ஒரு கணக்கு எல்லாப் பயிற்சிகளிலும் இருக்கும். மாணவர்களை நடுங்க வைக்கிற கணக்கு. 35 வந்தது நான்காவது வினாடியில். 5, 15, 25, 35 கூட்டினால் 80. முடிந்தது. 35-க்குப் பதிலாக 42 என்று கொடுத்துவிட்டால் என்ன செய்வது? கடைசி வினாடியின் சராசரி வேகம் 42. சீராக மாறுகிற வேகத்தில் ஒரு வினாடியின் சராசரி, அந்த வினாடியின் நடுக்கணத்தில் இருக்கிற வேகத்துக்குச் சமம். வேகம் 42 ஆக 4.2 வினாடி வேண்டும். அதன்பின் அரை வினாடி. மொத்தம் 4.7 வினாடி. உயரம் 5 × 4.7 × 4.7, அதாவது ஏறத்தாழ 110 மீட்டர்.

இதைக் காதால் கேட்கவும் முடியும். ஒரு நூலில் ஐந்து சிறிய இரும்பு நட்டுகளைக் கட்டு. முதல் நட்டு நூலின் அடி நுனியில். அங்கிருந்து 10 சென்டிமீட்டரில் இரண்டாவது, 40-இல் மூன்றாவது, 90-இல் நான்காவது, 160-இல் ஐந்தாவது. தரையில் ஓர் உலோகத் தட்டைக் கவிழ்த்து வை. நாற்காலியில் ஏறி நின்று, அடி நட்டு தட்டைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி நூலைப் பிடித்து, விட்டுவிடு. டக், டக், டக், டக் என்று நான்கு ஒலிகள் ஒரே இடைவெளியில் கேட்கும். ஒவ்வோர் இடைவெளியும் 0.14 வினாடி. பிறகு நட்டுகளைச் சம தூரத்தில் மாற்றிக் கட்டி மறுபடியும் விடு. இப்போது ஒலிகள் போகப் போக நெருங்கி வரும். தூரம் நேரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது என்ற வரியை எத்தனையோ முறை எழுதியிருப்பாய். அதன் ஒலி எப்படி இருக்கும் என்று ஒரு தடவை கேட்டுவிட்டால் 20-உம் 40-உம் உன்னை ஏமாற்றாது.

நிறையைப் பற்றிக் கேட்டிருந்தாய். கனமான கல்லைப் பூமி அதிகமாக இழுக்கிறது என்பது உண்மை. இரண்டு மடங்கு நிறை என்றால் இரண்டு மடங்கு விசை. ஆனால் அதை அசைத்து வேகப்படுத்துவதும் இரண்டு மடங்கு கடினம். இரண்டும் ஒன்றையொன்று சரிசெய்துவிடுவதால் முடுக்கம் எல்லாக் கற்களுக்கும் ஒன்றே. அதனால்தான் நிறை கணக்குக்குள் வருவதில்லை. நம்பக் கடினமாக இருந்தால் கலீலியோ கேட்ட கேள்வியை நீயும் கேட்டுப் பார். கனமான கல் வேகமாகவும் இலேசான கல் மெதுவாகவும் விழும் என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் சேர்த்துக் கட்டிவிட்டால்? இலேசான கல் பின்னால் இழுப்பதால் கட்டு, கனமான கல்லைவிட மெதுவாக விழ வேண்டும். கட்டின் மொத்த நிறை கூடியதால் அது கனமான கல்லைவிட வேகமாகவும் விழ வேண்டும். ஒரே கட்டு இரண்டையும் செய்ய முடியாது. தொடங்கிய நம்பிக்கையே தவறு. 1971-இல் அப்பல்லோ 15 பயணத்தில் டேவிட் ஸ்காட் நிலவில் நின்றபடி ஒரு சுத்தியலையும் ஒரு பருந்தினப் பறவையின் இறகையும் ஒரே நேரத்தில் கைவிட்டார். காற்றில்லாத அந்த இடத்தில் இரண்டும் ஒன்றாகவே தரையைத் தொட்டன.

இங்கே இறகு தள்ளாடி மெதுவாக விழுவதற்குக் காற்றுதான் காரணம். வேகம் கூடக் கூடக் காற்றின் தடை கூடும். தடை எடைக்குச் சமமானதும் வேகம் அதற்குமேல் கூடாது. பாடநூல் அதை முற்றுத் திசைவேகம் என்கிறது. 2,000 மீட்டர் உயரத்திலிருந்து விழும் மழைத்துளிக்கு உன் சமன்பாட்டைப் போட்டால் வினாடிக்கு 200 மீட்டர் என்று வரும். பெரிய துளிகூட உண்மையில் 10-ஐத் தாண்டுவதில்லை. தாண்டினால் மழையில் யாரும் நடமாட முடியாது. 'காற்றுத் தடையைப் புறக்கணிக்கவும்' என்ற வரியைக் கணக்கில் பார்த்தால் அதன் பின்னால் இவ்வளவு இருக்கிறது என்று நினைத்துக்கொள். கல், சில மாடி உயரம், சில வினாடிகள் என்ற அளவில் புறக்கணித்தால் பெரிய பிழை வராது. முடுக்கத்தை 10 என்று எடுப்பதும் அப்படித்தான். 9.8 என்று எடுத்து உன் கணக்கைப் போட்டால் 4.07 வினாடி, வேகம் 24.8. கேள்வி எந்த எண்ணைச் சொல்கிறதோ அதை எடு. இரண்டையும் ஒரே கணக்கில் கலக்காதே.

விடை வந்ததும் ஒரு முறை அதை உண்மையான பொருளாக நினைத்துப் பார். உன் தாளில் 1 வினாடி என்று வந்ததே, அங்கே ஒரு கணம் நின்றிருக்கலாம். மேலே 15 வேகத்தில் போகிற கல்லின் வேகம் தீரவே 1.5 வினாடி ஆகும். அப்படியிருக்க 1 வினாடியில் அது எப்படித் தரைக்கு வந்தது? இந்த ஒரு கேள்வி போதும், பிழை பிடிபட்டுவிடும். அதேபோல 25 என்ற வேகத்தை 3.6-ஆல் பெருக்கு, மணிக்கு 90 கிலோமீட்டர். ஆறேழு மாடி உயரத்திலிருந்து வருகிற கல்லுக்கு ஏற்கத்தக்க எண். 900 என்றோ 9 என்றோ வந்திருந்தால் எங்கோ தவறியிருக்கிறாய் என்று தெரிந்துகொள்ளலாம்.

கடைசியாக உனக்கு ஒரு கணக்கு. ஒரு பலூன் வினாடிக்கு 5 மீட்டர் சீரான வேகத்தில் மேலே போய்க்கொண்டிருக்கிறது. தரையிலிருந்து 60 மீட்டர் உயரத்தில் இருக்கும்போது அதிலிருந்து ஒரு கல் 'விடப்படுகிறது'. அந்தச் சொல்லைக் கண்டதும் தொடக்கத் திசைவேகம் சுழியம் என்று எழுதிவிடாதே. பலூனோடு சேர்ந்து கல்லும் மேலே போய்க்கொண்டிருந்தது, கையை விட்ட கணத்திலும் அதற்கு மேல்நோக்கி 5 இருக்கிறது. முதலில் படம், அம்புகள், குறி. பிறகு வினாடி வினாடியாகக் கல்லோடு நட. அதன்பின் சமன்பாடு. நேரம் 4 வினாடி என்றும் வேகம் 35 என்றும் வர வேண்டும். நேரத்துக்கு இன்னொரு விடையும் வரும்: மைனஸ் 3. அதை அடித்துவிடாமல், அந்த 3 வினாடி யார் எறிந்த கல்லுடையது, எவ்வளவு வேகத்தில் எறிந்தது என்று கண்டுபிடித்து எனக்கு எழுது.